பாறைக்குழியில் வளராத மீன்

அன்றைக்கு அந்தக் கரையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். பெரிய மாமா, அவர் மனைவியான அத்தை, சூலூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த சின்ன மாமா, உக்கடத்து மீன் வியாபாரி ஒருவர், அவர் கூட்டிவந்த வலைக்காரர் இருவர், அப்பா, அம்மா, நான். மாமாக்கள் இரண்டு பேரும் அம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன்கள். பெரிய மாமாவின் மகன் அப்போது கைக்குழந்தை. வீட்டுத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான், அதனால் அவன் கணக்கில் வரமாட்டான். ஆனால் அவனை மறந்துவிடாதீர்கள்.

அந்த ஒன்பது பேரில் இன்று மிச்சம் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வலைக்காரர்களில் இளையவர் எங்காவது இருக்கலாம். இருந்தாலும் அவருக்கு என்ன நினைவிருக்கப்போகிறது. அவருக்கு அது இன்னொரு குட்டை, இன்னொரு நாள் கூலி.

என் வயதுக்காரர்களுக்கு ஆயில் இன்ஜின் சத்தம் நினைவிருக்கும். பெரிய மாமாவின் பாறைக்குழித் தண்ணீரை இறைத்துக் குறைக்க இரண்டு நாளாக அது ஓடிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளிப் பேசினாலும் காதில் விழாது. ஆனால் அன்றைக்குப் பேசியது அத்தனையும் என் காதில் விழுந்தது. வலை போடுவதற்கு முன்னால் இன்ஜினை நிறுத்திவிட்டார்கள்.

பாறைக்குழி என்றால், தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் கட்டடத்துக்குக் கல் உடைத்து எடுத்த பள்ளம். கல் தீர்ந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மலையிலிருந்து வரும் ஓடை அதில் விழுந்து நிரம்பியது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. மேற்கே மலை. பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே அங்கே நிழல் விழுந்துவிடும். உச்சி வேளையில் மட்டும் ஒரு பாறைத் திட்டின் மேல் வெயில் படும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கிற உடைகல் கூடத் தெரியும். காலை விட்டால் எலும்பு வரைக்கும் சில்லென்று ஏறும். "எவ்வளவு சுத்தமான தண்ணி பாருங்க" என்று பெரிய மாமா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அந்தச் சுத்தம்தான் எங்கள் குடும்பத்தைக் கெடுத்தது.

வாரத்துக்கு விடுவது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வசதியுள்ளவர் கன்றை வாங்கித் தருவார். இல்லாதவர் வளர்ப்பார். விற்கும்போது லாபம் பாதிப் பாதி. கன்று உடம்பு வைக்கவில்லை என்றால் குற்றம் வளர்த்தவன் மேல். தீனியை விற்றுத் தின்றுவிட்டான் என்று அர்த்தம். நஷ்டம் முழுக்க அவன் தலையில். மாட்டுக்கு இருந்த அந்த வழக்கத்தைப் பெரிய மாமா அப்படியே மீனுக்குப் போட்டார்.

"சும்மா கெடக்கிற தண்ணிங்க மாப்ள. குஞ்சு என்னுது, தீனி என்னுது. நீங்க பாத்துக்கோணும், அவ்வளவுதான். என்னுங்க சொல்றீங்க?"

"எனக்கு மீனப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க மச்சான்."

"மாட்டப் பத்தித் தெரியுமில்லீங்க? வாயிருக்கிறதுக்கு எல்லாம் வயிறும் இருக்குமுங்க. போட்டாத் தின்னும், தின்னா வளரும்."

அப்பா சம்மதித்தார். எங்களுக்கு இருந்தது ஓர் ஓட்டு வீடும், ஓர் எருமையும். மறுக்கிற இடத்தில் நாங்கள் இல்லை.

ஆவணி மாதம் அணைக்கட்டு மீன் பண்ணையிலிருந்து சின்ன மாமா குஞ்சுகளை வேனில் கொண்டுவந்தார். காற்றடைத்த பாலிதீன் பைகளில் கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற மாதிரி இருந்தன. பாதிப் பைகள் சூலூர்ப் பக்கம் அவருடைய குட்டைக்கு. பாதி எங்கள் பாறைக்குழிக்கு. அப்பா ஒவ்வொரு பையையும் தண்ணீரில் மிதக்கவிட்டு, மெதுவாக வாயைத் திறந்து விட்டார். ஒரு பையை என் கையிலும் கொடுத்தார். குஞ்சுகள் விரலிடுக்கில் நுழைந்து போனது இன்னும் கையில் இருக்கிறது.

தீனி என்றால் தவிடும் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும். மாட்டுக்குப் போடுவது போலவே விடியற்காலையில், பால் கறப்பதற்கு முன்னால். பெரிய மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையில் வந்து நிற்பார். அவர் ஆட்கள் ஒரு தகரப் படியில் அளந்து தருவார்கள். அப்பா அதைப் பிசைந்து உருட்டி மூங்கில் கூடையில் வைத்து, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். சும்மா கொட்டினால் ஆழத்தில் போய்விடும் என்பதற்காகத்தான் கூடை.

"தீனி எங் கண்ணு முன்னால எறங்கோணுமுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க மாப்ள. ஒரு வழக்கமுங்க."

தப்பாக நினைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அந்த 'ங்க' இருக்கிறதே, அதைப் போல் ஆளை அடிக்கிற கழியை நான் பார்த்ததில்லை. அடிபட்டவன் கத்தவும் முடியாது.

ஐப்பசி வரைக்கும் கூடை பாதிக்கு மேல் காலியாகி வந்தது. மழையும் மூடாக்கும் பிடித்துக்கொண்ட பிறகு காலியாகவில்லை. கார்த்திகை, மார்கழியில் சாயங்காலம் கயிற்றை இழுத்தால் இறக்கிய உருண்டை அப்படியே வரும், நான்கு பக்கமும் நுரைத்துக்கொண்டு, புளித்த வாடையோடு. அந்த வாடை இப்போதும் எனக்கு வந்துவிடும். மாவு அரைத்து வைத்துவிட்டு மூடி போட்டேனா இல்லையா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறேனே, அது அந்த வாடையால்தான்.

அப்பா அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய மாமா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"தின்னுலீங்க மச்சான். அப்படியே இருக்குதுங்க."

"குளிர்ல மாடு சேத்தித்தானுங்க தின்னும். பத்தாம இருக்கும். நாளையிலிருந்து இன்னொரு படி சேத்திப் போடுங்க."

தின்னாத மீனுக்குத் தீனியைக் கூட்டினார்கள். அதுவும் அப்படியே திரும்பி வந்தது. அப்பா மறுபடியும் கூடையோடு போனார். மூன்றாவது தடவை போனபோது பெரிய மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நித்தம் இதக் கொண்டாந்து காட்டோணுமாங்க மாப்ள? கொட்டிப்போடுங்க. போங்க."

கொட்டிப்போடுங்க. என் காதால் கேட்டேன். நான் அந்த வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவுக்குக் கொட்ட மனம் வரவில்லை. புண்ணாக்கை மண்ணில் கொட்டுகிற வீட்டில் அவள் பிறந்திருந்தாலும் வாழ்க்கைப்பட்டது அப்படிப்பட்ட வீட்டில் இல்லை. மேலே புளித்ததை வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தை எருமைத் தொட்டியில் கரைத்தாள். எருமை அந்தக் குளிர்காலத்தில் முதுகு பளபளக்க இருந்தது. அதன் கழுத்தில் ஒரு பித்தளை மணி. அதன் சத்தத்தை வைத்தே அது எங்கே மேய்கிறது என்று சொல்லிவிடுவேன்.

அம்மா இன்னொன்றும் கண்டுபிடித்தாள். உச்சி வேளையில் அந்த வெயில் பட்ட பாறைத் திட்டில் உட்கார்ந்து சட்டி கழுவும்போது பருக்கை விழுந்தால் மீன்கள் மேலே வந்து கொத்தின. காலையில் ஒன்றுகூட வராத மீன், அங்கே மட்டும், அந்த நேரத்தில் மட்டும்.

"இங்க பாரு கண்ணு, எப்படித் தின்னுதுன்னு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கையை விட்டுப் பார்த்தேன். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு முழம் கீழே போனால் பழையபடி சில்.

அப்பா போய்க் கேட்டார், தீனியை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று.

"மத்தியானம் நான் டவுனுக்குப் போவேன், வருவேன். யாருங்க வந்து பாக்கிறது?"

அவ்வளவுதான். அப்பா திருடிவிடக் கூடாது என்பதற்காக, மீன் வாயைத் திறக்காத நேரம் பார்த்துத் தீனி போட்டோம். கார்த்திகையிலிருந்து நான்கு மாதம்.

மாசிக் கடைசியில் வலை. நான் முதலில் சொன்ன அந்த நாள்.

வலைக்காரர் இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். இளையவர் கொஞ்ச நேரத்திலேயே பல் தந்தியடிக்க மேலே ஏறி வந்தார். "ஏனுங்க, இதுக்குள்ள மனுசனே நிக்க முடியாதுங்க. மீனு எப்படித்தான் குடும்பம் நடத்துதோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். காரணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார், மற்ற எட்டுப் பேரும் நின்று சிரிக்கிறோம்.

வலையை இழுத்துப் போட்டார்கள். மீன்கள் என் உள்ளங்கை நீளம். அதற்கு மேல் இல்லை. தலை பெருத்து, உடம்பு ஒட்டி, கத்தி மாதிரி. வியாபாரி ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டார். "இத எடுத்துட்டுப் போனா ஐஸ் காசுகூட வராதுங்க" என்று தராசை மறுபடியும் சாக்கில் கட்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் சின்ன மாமா வேனுக்குப் போய் ஈரச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். அவர் குட்டை மீன். முழங்கை நீளம், முதுகு தடித்து, செதில் ஒவ்வொன்றும் காசு அளவு. அதை எடுத்து எங்கள் மீனுக்குப் பக்கத்தில் பாறையில் கிடத்தினார்.

"ஒரே பண்ணைக் குஞ்சுங்க. ஒரே நாள்ல உட்டது. ஒரே தீனி" என்றார்.

அப்பா இரண்டு மீனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் மீது பழி வருகிறது என்று அவருக்கு அப்போதும் தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நிஜமாகவே ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் கரையில் ஏன் என்று யோசித்த ஒரே ஆள் அவர்தான்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க மாப்ள" என்றார் பெரிய மாமா. "மீனு சொல்லுதுங்க."

"என்னுங்க மச்சான் சொல்லுது?"

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக, "உங்க எருமை நல்லா மினுமினுன்னு இருக்குதுங்களே அண்ணா. அதுக்கு என்ன தீனிங்க போடறீங்க?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "அது கூடையில மிஞ்சினதுங்க. மீனு தின்னுலீங்க. நான் கொண்டாந்து மச்சாங்கிட்ட காட்டினனுங்க. கொட்டிப்போடுங்கன்னு அவருதான் சொன்னாரு."

"எனக்கு அப்படி நெனப்பில்லீங்க" என்றார் பெரிய மாமா.

மறந்துவிட்டாரா, மறைத்தாரா? ஐம்பது வருஷமாக இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறந்திருந்தால் அதுவும் ஒரு அக்கிரமம்தான். ஒருவன் மூன்று நாள் கூடையைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறான். அதை மறப்பதற்கு எவ்வளவு வசதி வேண்டும்.

அம்மா பேசினாள். "அண்ணா, மத்தியானத்துல போட்டாத் தின்னுதுங்க. நான் பாத்தேன். காத்தாலைக்குத்தான் தொடறதில்லீங்க."

"அம்மணி, நீ சட்டி கழுவற எடத்துக்கு மீனு வரத்தான் செய்யும். நீ சும்மாயிரு." சொந்தத் தங்கை. அவள் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

வாரத்து வழக்கப்படி தீர்ப்பு அங்கேயே முடிந்தது. குஞ்சு, தீனி, இன்ஜினுக்கு ஊற்றிய டீசல், எல்லாச் செலவும் வளர்த்தவன் பொறுப்பு. எருமையைப் பிடித்துக்கொள்வது. அது போக ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் அப்பா தர வேண்டும். ஒருவரும் திருடன் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை 'ங்க' குறையவில்லை.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். எல்லோருக்கும் முன்னால் இரண்டு கையாலும் பிடித்து உதறினார். கொஞ்சம் தவிட்டுத் தூசி பறந்தது. அத்தை அந்தத் தூசியைப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

அதன் பிறகு எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் அப்பா துண்டை உதறிவிட்டுத்தான் கிளம்புவார். மளிகைக் கடை, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, எங்கேயும். யாரும் கேட்காமலே. கடைசியில் படுக்கையில் இருந்தபோதும் போர்வையைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். சொன்னால் சிரிப்பீர்கள், ஆர்.எஸ்.புரத்தில் துணிக் கடையை விட்டு வெளியே வரும்போது வாசல் காவலாளி கேட்பதற்கு முன்னால் நான் பையைத் திறந்து காட்டிவிடுகிறேன். "வேண்டாம், போங்கம்மா" என்கிறார்கள். அப்படியும் பாதி வழியில் நின்று, பில் இருக்கிறதா என்று தேடுகிறேன்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. என் கூலியை அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் கணக்குப் பார்த்துக்கொள்வது என்று பேசி, கடனுக்காக என்னைச் சின்ன மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைக்கு என்று சொல்லமாட்டார்கள், ஒத்தாசைக்கு என்பார்கள். சாணி வழித்து, தண்ணீர் இறைத்து, பாத்திரம் தேய்த்து நான்கு வருஷம் ஒத்தாசை செய்தேன். அப்பா பெரிய மாமா தோட்டத்தில் கூலியில்லாமல் செய்தார். அந்த ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் அப்படித்தான் கழிந்தது. பிறகு சிங்காநல்லூரில் ஒரு மில். பள்ளிக்கூடம் போனது போனதுதான்.

சின்ன மாமா வீட்டில் இருந்தபோது அந்தப் பெயர்பெற்ற குட்டையைத் தினம் பார்த்தேன். அகலமாய், ஆழமே இல்லாமல், பொழுதுக்கும் வெயில் காய்கிற குட்டை. மாட்டுத் தொழுவத்துக் கழிவு அதில்தான் வடியும். தண்ணீர் பாசி பிடித்துப் பச்சைப் பசேலென்று இருக்கும். துணி துவைக்க இறங்கினால் வடிகஞ்சி மாதிரி காலில் சூடு தெரியும். மார்கழியில்கூட. மீன்கள் எகிறி எகிறி விழும். ஒரே தீனி என்று கரையில் நின்று சொன்னாரே, அங்கே நான் இருந்த காலத்தில் வாரத்தில் இரண்டு நாள் தீனி போட்டால் அதிகம். மீன்கள் அந்தப் பச்சையைத் தின்றே வளர்ந்தன. மீனுக்கு என்று வாங்கின புண்ணாக்கு அவருடைய மாட்டுத் தொட்டிக்குத்தான் போயிற்று. அவர் மாடுகளும் மினுமினுவென்றுதான் இருந்தன. அதை யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் கண்ணால் பார்த்தேனே தவிர, ஒன்றோடொன்று முடிச்சுப் போடத் தெரியவில்லை. முடிச்சுப் போட்டவன் அந்தத் தொட்டில் குழந்தை.

போன தை மாதம் பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் பெரிய மாமாவின் மகன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. தோட்டமும் பாறைக்குழியும் அவனுடையவை. பேச்சுவாக்கில், மூன்று வருஷத்துக்கு முன்னால் பேங்க் கடன் வாங்கி அதே பாறைக்குழியில் மீன் விட்டதைச் சொன்னான்.

"வளரவே இல்லீங்க. கையளவுல நின்னுபோச்சு. அப்புறம் மீன்துறையிலிருந்து ஒருத்தரு வந்து தர்மாமீட்டரக் கயித்துல கட்டித் தண்ணிக்குள்ள உட்டுப் பாத்தாருங்க. இந்தச் சில்லுக்கு மீனு தின்னாது, தின்னாலும் செரிக்காதுன்னுட்டாரு. பாசியும் இல்ல. தண்ணி ரொம்பச் சுத்தமுங்க, அதான் கோளாறு."

மாட்டுக்கு உடம்புக்குள் தன் சூடு உண்டு, குளிரில் இன்னும் அதிகம் தின்று அதைக் காப்பாற்றிக்கொள்ளும். மீனுக்கு அப்படி ஒன்று கிடையாதாம். தண்ணீர் என்ன சூடோ அதுதான் அதன் உடம்பும். தண்ணீர் குளிர்ந்தால் பசியும் குளிர்ந்துவிடும், வளர்த்தியும் நின்றுவிடும். வெயில் காய்ந்தும் தீனி இல்லாவிட்டால் வளராது. தீனி கொட்டிக் கிடந்தும் வெதுவெதுப்பு இல்லாவிட்டால் வளராது. இரண்டும் சேர வேண்டும். அவன் ரசத்தைப் பிசைந்துகொண்டே இதையெல்லாம் எனக்கு விளக்கினான்.

"அப்ப கடனு?" என்று கேட்டேன்.

"நெலமையச் சொன்னனுங்க. தவணையத் தள்ளிப் போட்டுக் குடுத்தாங்க. தண்ணி சில்லுன்னு இருந்தா நாம என்னுங்க பண்றது?"

நாம என்ன பண்றது. அவனுக்கு மீன் வளரவில்லை என்றால் தண்ணீர் காரணம். என் அப்பாவுக்கு வளரவில்லை என்றால் திருட்டு. ஒரே குழி, ஒரே தண்ணீர்.

"உங்கப்பா காலத்துல எங்கப்பாவும் அதே குழியிலதான் வளத்தாரு. தெரியுமா உனக்கு?"

அவன் கை ஒரு நிமிஷம் நின்றது. தெரியும். அந்த வீட்டில் அதைப் பேசியிருக்கிறார்கள். எப்படிப் பேசியிருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் பெரியவங்க காலத்துச் சமாச்சாரமுங்க. யாருக்குத் தெரியும் அன்னிக்கு? உடுங்க" என்றான். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இவங்களுக்குப் பாயசம் ஊத்துங்க" என்றான்.

தெரியாது என்பது எனக்கும் தெரியும். தெரியாதது தப்பில்லை. அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் தெரியாத இடத்தில் அவர் நின்று யோசித்தார். அவன் வீட்டார் நின்று தீர்ப்புச் சொன்னார்கள். எத்தனையோ காரணம் இருக்கக்கூடிய இடத்தில், ஏழை மாப்பிள்ளை திருடியிருப்பான் என்ற ஒரு காரணம்தான் அவர்களுக்குத் தோன்றியது. எருமையின் பளபளப்பைப் பார்த்த கண்ணுக்குத் தண்ணீரில் ஒரு விரலை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், மண்டபத்து வாசலில் நானும் முந்தானையை உதறிவிட்டு வந்திருக்கிறேன்.

வயதாகிவிட்டது, விட்டுவிடலாமே என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உடுங்க என்று அவனும்தான் சொன்னான். வாங்கிக்கொண்டவர்கள் விடலாம், அவர்களுக்கு விடுவது சுலபம். அப்பா இப்போது இல்லை, துண்டை உதற வேண்டாம் என்று அவரிடம் இனி யாரும் போய்ச் சொல்ல முடியாது. நான்கு வருஷத்து ஒத்தாசையையும் பள்ளிக்கூடத்தையும் நான் கேட்கவில்லை, அதற்கு விலை போட எனக்குத் தெரியாது. வட்டியும் வேண்டாம். மீன் தின்னாத தீனிக்காக எங்களிடம் வாங்கியதை மட்டும் கேட்கிறேன். அந்த வீட்டிலிருந்து யாராவது வந்து, அந்த ஒன்பது பேரில் மிச்சமிருக்கும் என் கையில், காரணத்தைச் சொல்லி அந்தப் பணத்தைத் தர வேண்டும்.

எருமையைச் சேர்க்காமல், ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.